ஹவில்தார் ஆன தேதி: ரெக்கார்டில் ஏறிய தப்பைத் திருத்திய அனுபவம்

பதவி உயர்வு வரவில்லை என்று குமுறும் ராணுவக்காரர்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். வந்த பதவி உயர்வின் தேதி ரெக்கார்டில் தப்பாக ஏறிக்கிடக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. பலருக்கு அது தெரிவதே இல்லை என்பதுதான் காரணம். நான் நாயக்கிலிருந்து ஹவில்தார் ஆன தேதி சில மாதங்கள் தள்ளிப் பதிவாகியிருந்தது. அதைச் சரிசெய்ய யூனிட், வீரர்களின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ், ராணுவச் சட்டப்படியான புகார், கடைசியில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அந்தத் தேதியில் எழுதப்பட்ட காகிதம் கையில் இருக்கிறதா என்பதில்தான் இந்த விவகாரம் முழுக்க நிற்கிறது. உங்களுக்கு அநியாயம் நடந்ததா என்பதை மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் அதற்கப்புறம்தான் யோசிப்பார்.

"சில மாசம்தானே, அதுக்கா இவ்வளவு?" என்று என் மச்சினனே கேட்டான். வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஹவில்தாருக்கு 24 வருட சேவை; உடல்தகுதியும் மற்றதும் சரியாக இருந்தால் மேற்கொண்டு 2 வருடம் நீட்டிப்பு. அடுத்த ரேங்கான நாயப் சுபேதார் ஆகிவிட்டால் 26 வருடம், அதோடு 2. அந்தக் கெடு முடிவதற்குள் அடுத்த ரேங்க் வரவில்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ரேங்க் எப்போது வரும் என்பது காலியிடத்தையும் சீனியாரிட்டி ரோலையும் பொறுத்தது. ஒரே டிரேடில் (வேலைப் பிரிவில்) பட்டியல் நெருக்கமாகப் போகும். இரண்டு மூன்று மாதம் பின்னால் தள்ளினால் ஒரு கூட்டமே நமக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிடும். ரேங்க் ஏறாதவர்களுக்கும் சம்பளத்தை உயர்த்தும் எம்.ஏ.சி.பி. திட்டத்தில் 8, 16, 24 வருடங்களில் மேல்நிலைச் சம்பளம் வந்துவிடுகிறதே, அப்புறம் என்ன என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. சம்பளம் வரும், ரேங்க் வராது. அதிகப்படி சேவைக் காலமும், சுபேதார் ஆகும் வாய்ப்பும் ரேங்கோடுதான் வருகின்றன. 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரே ரேங்க் ஒரே பென்ஷனும் பெயருக்கேற்ப ரேங்கையும் சேவை வருடத்தையும் வைத்துத்தான் தொகையைக் கணக்கிடுகிறது.

தப்பு நடந்த விதம் சாதாரணமானது. அப்போது நான் வடக்கே ஒரு யூனிட்டில் டெப்யூட்டேஷனில் (தாய் யூனிட்டுக்கு வெளியே தற்காலிகப் பணியில்) இருந்தேன், அந்தப் பணிக்காலம் முடிகிற நேரம். நவம்பர் 1 முதல் ஹவில்தார் என்று ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. கம்பெனி கமாண்டர் மூன்றாவது பட்டையை மாட்டிவிட்டார், நானும் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன். டிசம்பரில் லீவு, திரும்பி வந்ததும் தாய் யூனிட்டுக்கு மூவ்மென்ட் ஆர்டர். 'ஆள் கிளம்புகிறாரே, போகிற இடத்தில் போட்டுக்கொள்வார்கள்' என்று அங்கே பார்ட் டூ ஆர்டர் (யூனிட் வெளியிடும் பதிவு உத்தரவு) போடவில்லை. 'ஏற்கெனவே போட்டிருப்பார்கள்' என்று இங்கேயும் போடவில்லை. மாதாமாதம் நாயக் சம்பளமே வந்துகொண்டிருந்தது. நான் கேட்டுக் கேட்டு, ஜூனில் ஒரு பார்ட் டூ ஆர்டர் வெளியானது. அரியர் மட்டும் வரவில்லை. ஏன் என்று தோண்டியபோதுதான் தெரிந்தது, ஜூன் மாதத்திலிருந்தே நான் ஹவில்தார் என்று அதில் போட்டிருக்கிறார்கள்.

ராணுவத்தில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடப்பதெல்லாம் பார்ட் டூ ஆர்டரில் ஏற வேண்டும். லீவு, கல்யாணம், பிள்ளை பிறந்தது, கோர்ஸ் முடித்தது, ரேங்க் ஏறியது எல்லாமே அதில் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் ரெக்கார்ட் ஆபீஸ் ஷீட் ரோலில் (வீரரின் பணிப்பதிவேட்டில்) எழுதும், சம்பளக் கணக்கு அலுவலகம் பணம் போடும். அதில் வராதது நடக்காதது. நீங்கள் மூன்று பட்டையோடு பனியில் கார்டு கமாண்டராக நின்றிருந்தாலும் சரி, அந்த ஆர்டரில் உங்கள் பெயருக்கு நேராக அந்தத் தேதி இல்லையென்றால் ரெக்கார்டைப் பொறுத்தவரை நீங்கள் நாயக்தான். டெப்யூட்டேஷன், என்.சி.சி. போஸ்டிங், அட்டாச்மென்ட், கோர்ஸ் என்று தாய் யூனிட்டைவிட்டு வெளியே இருக்கும்போது ரேங்க் வருகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஒரு யூனிட்டின் ஆள்கணக்கிலிருந்து எடுத்து இன்னொரு யூனிட்டில் சேர்க்கும் அந்த இடைவெளியில்தான் தேதிகள் தொலைகின்றன.

யூனிட்டில் மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் கிளர்க் சுபேதாராக இருந்தார். நான் கோபமாக எழுதிக்கொண்டுபோன முதல் மனுவைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"தம்பி, இதுல உங்க மனக்கஷ்டம் இருக்கு. தேதி எங்க?"

"ரெண்டாவது பக்கத்துல இருக்கு சாப்."

"முதல் வரியில இருக்கணும். எந்த பார்ட் டூ ஆர்டர், என்ன நம்பர், எந்த வரி, அதுல என்ன இருக்கு, என்ன இருக்கணும். அப்புறம் அதுக்கு என்ன ஆதாரம். அவ்வளவுதான். யாரு தூங்கினாங்கன்னு நீங்க எழுதினா, தூங்கினவர் மேஜைக்குத்தான் அந்த ஃபைல் போகும்."

கடைசி வாக்கியத்தை நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தப்புச் செய்த அலுவலகத்திடமே திருத்தம் கேட்கிறோம். குற்றம் சாட்டினால் அவர்கள் தற்காப்பில் இறங்குவார்கள். 'பதிவில் பிழை, இதோ ஆதாரம், திருத்த ஆர்டர் வெளியிடவும்' என்றால் அது அவர்களுக்கு அன்றாட வேலை. திருத்தம் என்பதும் இன்னொரு பார்ட் டூ ஆர்டர்தான். பழைய வரியை ரத்து செய்து, சரியான தேதியோடு புது வரி போடுவார்கள். காலம் கடந்து போடுவதால் மேலதிகாரியின் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். மனுவிலேயே அந்த ஒப்புதலையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அதற்கென்று ஃபைல் ஒரு முறை திரும்பி வரும்.

ஆதாரம் தேட உட்கார்ந்தபோது எது கனமானது, எது காற்றில் பறப்பது என்று புரிந்தது. பட்டை மாட்டும் போட்டோ வைத்திருந்தேன். அழகான போட்டோ, பயனில்லை, அதில் தேதியை நிரூபிக்க எதுவும் இல்லை. கூட இருந்த இரண்டு பேர் எழுதிக்கொடுத்த சாட்சிக் கடிதமும் அப்படித்தான்; வருடங்கள் கழித்து நட்புக்காக எழுதியது என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். எனக்குக் கைகொடுத்தது லீவு சர்ட்டிபிகேட். டிசம்பரில் ஊருக்கு வந்தபோது கொடுத்தது. நம்பருக்குப் பக்கத்தில் ரேங்க் என்ற இடத்தில் முதலில் நாயக் என்று டைப் செய்து, அதை அடித்து, மேலே ஹவில்தார் என்று கையால் எழுதி, அடித்த இடத்தில் அதிகாரி சுருக்கொப்பம் வைத்து, வட்ட முத்திரையை அதன்மீதே பாதி விழும்படி குத்தியிருந்தார்கள். அந்த அடித்தல்தான் விலைமதிப்பில்லாதது. வேண்டுமென்றே ஒரு அதிகாரி ரேங்கை மாற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், டிசம்பர் மாதத்திலேயே. ஜூனில்தான் இவர் ஹவில்தார் என்று சொல்பவர் இந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூவ்மென்ட் ஆர்டரிலும் ஹவில்தார் என்றே இருந்தது. லீவு சர்ட்டிபிகேட், மூவ்மென்ட் ஆர்டர், கோர்ஸ் ரிப்போர்ட், சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ரெக்கார்ட் ஆபீஸ் அனுப்பிய அசல் உத்தரவின் நகல் என்னிடம் இல்லை. யூனிட்டிலும் இல்லை என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ராணுவத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு நினைப்பு நம்மவர்களிடம் உண்டு. பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., அசாம் ரைபிள்ஸ் போன்ற படைகளுக்குத்தான் 24-ஆம் பிரிவில் விலக்கு. ராணுவம் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'என் பதவி உயர்வு ஏன் தாமதமாகப் பதிவானது' என்று கேட்டால், விளக்கம் தருவது எங்கள் வேலையில்லை என்று பதில் வரும், சட்டப்படி அது சரியும்கூட. காகிதத்தைக் கேட்க வேண்டும். இன்ன மாதம் என்னை ஹவில்தாராக உயர்த்திய உத்தரவின் சான்றிட்ட நகல், என் ஷீட் ரோலின் நகல், ஜூனில் வெளியான பார்ட் டூ ஆர்டரின் நகல், அதற்கு ஆதாரமாக யூனிட் அனுப்பிய கடிதத்தின் நகல். நான் கேட்டது இவ்வளவுதான். அடுத்தவர்களின் ரகசிய அறிக்கையைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், அதில் நேரம் வீணாகும். எனக்கு வந்த நகல்களில் அந்த உத்தரவு இருந்தது, நவம்பர் 1 என்று தெளிவாக. யூனிட் கடிதத்தில் நான் எந்தத் தேதியில் ரேங்க் ஏற்றேன் என்ற இடம் காலியாக விடப்பட்டிருந்தது. காலியாக இருந்ததால் கடிதத்தின் தேதியையே ரேங்க் தேதியாகப் போட்டுவிட்டார்கள். இவ்வளவு காலம் 'தகுதி பூர்த்தியானதே ஜூனில்தான்' என்ற தோரணையில் பேசியவர்களுக்கு அந்தக் காலிக் கட்டம்தான் பதில்.

இதற்கு நடுவில் வருடங்கள் ஓடிவிட்டன. ரெக்கார்ட் ஆபீஸ், யூனிட் திருத்தட்டும் என்றது. யூனிட், அந்த டெப்யூட்டேஷன் யூனிட் சான்று தரட்டும் என்றது. அவர்களோ, ஆவணமெல்லாம் அப்போதே அனுப்பிவிட்டோம் என்றார்கள். 'விஷயம் பரிசீலனையில் உள்ளது' என்ற கடிதம் அவ்வப்போது வரும். இந்தக் கடிதம்தான் ஆளைக் கவிழ்ப்பது. ஃபைல் நகர்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்போம், கடிகாரம் நமக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் தர்ஸேம் சிங் வழக்கில் ஒரு கோடு போட்டது. அதுவும் ஒரு ராணுவ வீரரின் வழக்குதான். சம்பளம், பென்ஷன் தவறாக நிர்ணயிக்கப்பட்டிருந்தால் அது மாதாமாதம் தொடரும் பாதிப்பு, தாமதமாக வந்தாலும் நிவாரணம் தரலாம், ஆனால் அரியர் பொதுவாக வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டும். சீனியாரிட்டி, பதவி உயர்வு என்றால் அது மற்றவர்களைப் பாதிக்கும், அங்கே தாமதம் கோரிக்கையையே கொன்றுவிடும். அதே வருடம் சி. ஜேக்கப் வழக்கில் இன்னொன்றும் சொன்னது: செத்துப்போன கோரிக்கைக்கு மனு மேல் மனு போட்டு ஒரு பதில் வாங்கிவிட்டால் மட்டும் அதற்கு உயிர் வந்துவிடாது. ஆக, பத்து நினைவூட்டல் கடிதம் எழுதுவது பொறுமையின் அடையாளமாக இருக்கலாம், காலக்கெடுவை அது நீட்டிக்காது. என்னைக் காப்பாற்றியது, ஜூன் ஆர்டர் வந்த கொஞ்ச நாளிலேயே நான் கொடுத்து யூனிட்டின் டைரி நம்பரும் முத்திரையும் வாங்கி வைத்திருந்த முதல் மனுவின் நகல். கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், நம்பர் வாங்காமல் நகராதீர்கள்.

சீனியாரிட்டியில் எனக்கு இளையவர் ஒருவரின் பெயர் நாயப் சுபேதார் பட்டியலில் வந்த வாரமே ராணுவச் சட்டம் 1950-இன் 26-ஆம் பிரிவில் சட்டப்படியான புகார் கொடுத்தேன். அதிகாரி அல்லாதவர்களுக்கு இந்தப் பிரிவு, அதிகாரிகளுக்கு 27. சாதாரண மனுவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதை யூனிட்டிலேயே அமுக்கி வைக்க முடியாது, கமாண்டர்களின் கருத்தோடு மேலே போய்த்தான் ஆக வேண்டும். சி.ஓ.விடம் (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசரிடம்) இன்டர்வியூவுக்குப் போனபோது, "இதெல்லாம் எதுக்கு, பேசித் தீர்த்துக்கலாமே" என்பதுபோலத்தான் ஆரம்பித்தார். காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கத்தில் கால அட்டவணை வைத்திருந்தேன். இடப்பக்கம் தேதி, நடுவில் நடந்தது, வலப்பக்கம் அதற்கான இணைப்பின் எண். அவர் அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் படித்தார். பரிந்துரையோடு அனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் அந்த ஒரு பக்கம் இல்லாவிட்டால் அவருக்கும் நேரம் இருந்திருக்காது.

கோரிக்கையை மூன்றாகப் பிரித்துக் கேட்டேன். முதலில் தேதித் திருத்தம். இரண்டாவது, அந்தத் தேதிப்படி சீனியாரிட்டி. மூன்றாவது, இளையவரைப் பரிசீலித்த அதே பதவி உயர்வு போர்டின் அளவுகோலில் என்னையும் மறுபரிசீலனை செய்வது. எடுத்த எடுப்பில் 'என்னை நாயப் சுபேதார் ஆக்குங்கள்' என்று கேட்கக்கூடாது. தகுதிப் பரீட்சை, ரகசிய அறிக்கை, மெடிக்கல் கேட்டகரி எல்லாம் பார்த்து முடிவு செய்வது போர்டின் அதிகாரம். பரிசீலிக்கப்படுவதுதான் நம் உரிமை.

ஆறு மாதம் தாண்டியும் உத்தரவு வரவில்லை. ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007-இன் 21-ஆம் பிரிவுப்படி துறைக்குள் இருக்கும் வழிகளை முதலில் முடித்துவிட்டு வர வேண்டும், புகார் கொடுத்து ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் முடித்ததாகவே கணக்கு. அதற்கப்புறம் இன்னொரு ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. உத்தரவு வந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம். தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போடலாம். வக்கீல் வைக்கலாம், நாமே நின்றும் வாதாடலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வசதி, ரெக்கார்ட் ஆபீஸ் எந்த மாநிலத்தில் இருந்தாலும் தாங்கள் குடியிருக்கும் இடத்துக்கான கிளையிலேயே போடலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னைக் கிளை இருக்கிறது. ஜபல்பூருக்கும் நாசிக்குக்கும் ரயில் ஏற வேண்டாம். சீனியாரிட்டி கேட்கும் வழக்கில், அதனால் பின்னுக்குப் போகக்கூடியவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டி வரும். கூடச் சாப்பிட்டவர்களை வழக்கில் இழுப்பது சங்கடம்தான். அதனால் என் வக்கீல், யாரையும் கீழே இறக்கச் சொல்லாமல் எனக்கு மட்டும் நோஷனலாக (ஏட்டளவில்) தேதி தரும்படி கோரிக்கையை எழுதினார். யாருடைய ரேங்கும் போகாது என்றால் தீர்ப்பாயத்துக்கும் கை நீட்டுவது எளிது.

நோட்டீஸ் போன பிறகு, அதுவரை எங்கேயோ தூங்கிய புகாருக்கு உத்தரவு வந்தது. இது என் வழக்கில் மட்டும் நடந்ததில்லை. வழக்கு இருக்கிறது என்றதும் ஃபைலுக்குக் கால் முளைப்பதைப் பிறகு பலரிடமும் கேட்டேன். ஹவில்தார் தேதி நவம்பர் 1 எனத் திருத்தப்பட்டது, இடைப்பட்ட மாதங்களுக்கான சம்பள வித்தியாசமும் வந்தது. மறுபரிசீலனையில் தேறினேன். நாயப் சுபேதார் ரேங்க், இளையவரின் தேதியிலிருந்து நோஷனலாகக் கிடைத்தது; சம்பளம் மட்டும் நான் உண்மையில் பொறுப்பேற்ற நாளிலிருந்து. வேலை செய்யவில்லை, சம்பளம் இல்லை என்பது அவர்கள் வாதம். வேலை செய்யத் தயாராக இருந்தவனைத் தடுத்து வைத்துவிட்டு அந்த வாதத்தைச் சொல்ல முடியாது என்று 1991-இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதைப் பிடித்து இன்னும் இழுக்கலாம் என்றார் வக்கீல். வேண்டாம் என்றேன். நீட்டிப்புக் காலம் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு ரேங்கோடு யூனிட்டில் நிற்க வேண்டியிருந்தது. வேறொருவர் இழுத்திருக்கலாம், அதில் தப்பில்லை.

திருத்தம் வந்துவிட்டது என்று ஃபைலைக் கட்டி வைத்துவிட முடியாது. ஓய்வு பெற்ற பிறகு, ராணுவ பென்ஷனுக்கான ஸ்பார்ஷ் இணையதளத்தில் என் பென்ஷன் விவரத்தைத் திறந்தபோது ரேங்க் சரியாக இருந்தது, டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் ஹவில்தார் தேதி பழையபடி ஜூன். திருத்த ஆர்டருக்கு முன்பே நிரப்பி வைத்த பக்கம்போல. அதற்குத் தனியாக எழுதி, மையால் திருத்திக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். பென்ஷன் உத்தரவிலேயே ரேங்க், குரூப், சேவை வருடம் தப்பாக இருப்பவர்கள் ஸ்பார்ஷில் புகார் பதிவதோடு நிறுத்தாதீர்கள். ரெக்கார்ட் ஆபீஸின் பதிவில் தப்பு இருந்தால் ஸ்பார்ஷால் ஒன்றும் செய்ய முடியாது. ரெக்கார்ட் ஆபீஸ் திருத்தி, பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்குக் கோரிக்கை அனுப்பினால்தான் திருத்திய பென்ஷன் உத்தரவு வரும். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், எழுதித் தருவார்கள். போகும்போது அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். அந்த லீவு சர்ட்டிபிகேட்டின் அசலை இன்றுவரை நான் எந்த அலுவலகத்திலும் கொடுத்ததில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.